முருகைக்கல் முளைத்த வளவு

மைமூனாவின் வளவில் வீடு முளைத்திருக்கிறது என்ற செய்தி பரவியபோது விளாங்குடாவில் ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. மாரி மழை கொட்டித் தீர்த்த வருடம், வேலிக்கு நட்ட கதியால்கூடப் பூத்துவிட்ட வருடம், அப்படிப்பட்ட வருடத்தில் வீடும் முளைக்கத்தான் செய்யும் என்று பெண்கள் சொன்னார்கள், முளையை ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று ஆண்கள் சொன்னார்கள், பிறகு எல்லோருமாகப் புறப்பட்டுப் போய்ப் பார்த்தார்கள்.

நாயுருவியும் ஈச்சம்பற்றையும் வெட்டித் துப்புரவாக்கிய நிலத்தில், பழைய அத்திவாரம் புதைந்து கிடந்த இடத்தில், ஒரு வரி முருகைக்கல், கடலில் வெட்டியெடுக்கிற பவளக்கல், கணுக்கால் உயரத்துக்கு எழும்பியிருந்தது. நாலு பக்கமும் நேராக, வாசல் வரவேண்டிய இடத்தில் வாசலுக்கு இடம் விட்டு, மேலே சுண்ணாம்புப் பூச்சின் ஈரம் காயாமல் இருந்தது. மேசன் ஜெபமாலை குந்தியிருந்து தடவிப் பார்த்துவிட்டு, "இது ஆரும் கட்டினதில்லை, கட்டினதெண்டால் இவ்வளவு நேராய் வராது" என்றார். தன் தொழிலைப் பற்றி அவர் அவ்வளவு வெளிப்படையாகப் பேசி ஊர் அதற்கு முன் கேட்டதில்லை.

மைமூனா அந்த ஊர்க்காரிதான். அவளுக்குக் கல்யாணமாகி வருடம் திரும்புமுன் ஒருநாள் துவக்குக்காரர்கள் ஒலிபெருக்கி கட்டிய வாகனத்தில் வந்து, முஸ்லிம்கள் எல்லோரும் பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று அறிவித்தார்கள். ஊரின் பாதி அன்றைக்கு வள்ளத்திலும் கால்நடையாகவும் புத்தளத்துக்குப் போயிற்று; அங்கே ஓலைக்கொட்டிலில் பிள்ளைகள் பிறந்தார்கள், தகரக்கொட்டிலில் பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள், அகதிமுகாம் என்ற பெயர்ப்பலகையே உக்கி விழுந்த பிறகும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். சண்டை முடிந்து, போகலாம் என்று அரசாங்கம் சொல்லி, போவோமா என்று ஒவ்வொரு குடும்பமும் மற்றக் குடும்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, மைமூனா ஒருவரையும் கேட்காமல் பாயைச் சுருட்டினாள். அவளுடைய வீடு எழும்பினால் நாங்களும் வருகிறோம் என்று மற்றவர்கள் பின்னால் நின்று சொன்னார்கள்.

அவர்களுடைய வழக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். உம்மா மகளுக்குக் கொடுப்பது, மாப்பிள்ளை அதில் வந்து இருப்பவர். மைமூனாவின் புருஷன் தாஜுதீன் அந்தக் கணக்கில் ஆயுள் முழுக்க விருந்தாளி, ஆகவே ஒரு விருந்தாளிக்குரிய குறைகள் எல்லாம் அவரிடம் இருந்தன. தறப்பாள் கூடாரத்தில் வெக்கை, கிணற்றில் உப்பு, தேத்தண்ணியில் சாயம் போதாது.

"நோன்பு வரைக்கும் பாப்பம் மைமூனா," என்றார் அவர் வந்த அன்றைக்கே. "தலைநோன்புக்கு முந்தி தலைக்கு மேல கூரை இல்லண்டா நான் புத்தளம் போறன், நீயும்தான் வாறாய். அதுக்குப் பொறகு இந்த ஊர்ப் பேச்ச எடுக்கப்படாது."

"சரி," என்றாள் மைமூனா. வேறு என்ன சொல்ல? பிள்ளைகள் புத்தளத்தில், பேரப்பிள்ளைகள் புத்தளத்தில், வயதும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. இந்தத் தடவை திரும்பிப் போனால் அது கடைசியாகப் போவது என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டுத் திட்டத்து உத்தியோகத்தர் பிரதீபன் மோட்டார் சைக்கிளில் வந்து அளவுநாடாவைப் பிடித்தார். திட்டத்து வீடு இரண்டு அறையும் ஒரு விறாந்தையும், இதுவோ தன்பாட்டுக்கு மூன்று அறை விட்டு முளைத்திருந்தது. அவர் தலையைச் சொறிந்து, கட்டுகிற வீட்டுக்குத்தான் நாங்கள் உதவி செய்யலாம் அம்மா, முளைக்கிற சாமான் எல்லாம் விவசாயப் பகுதி என்றார். விவசாயப் பகுதிக்காரர் வந்து மண்ணை உருட்டி மணந்து பார்த்து, இது எந்தப் போகத்துப் பயிர் என்று கேட்டு, நெல்லும் வெங்காயமும்தான் தன் பொறுப்பு என்று கைவிரித்தார். ஆனாலும் வந்த மனிதன் வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு பை பசளை இறக்கிவிட்டுப் போனார். பசளையை என்ன செய்வதென்று தெரியாமல் மைமூனா வாசலடியில் கொஞ்சம் தூவினாள். வாசல் கொஞ்சம் அகலமாக வந்ததற்கு அதுதான் காரணம் என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

ஆக, அந்த வீட்டை வளர்ப்பது ஊரின் தலையில் விழுந்தது, ஊர் அதைச் சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டது, ஏனென்றால் விளாங்குடாவில் அபிப்பிராயம் சொல்ல ஒரு விஷயம் கிடைத்துப் பல காலமாகியிருந்தது. புதுச்சுவரைக் காலையும் மாலையும் நனைக்க வேண்டும் என்று ஜெபமாலை சொன்னார், அப்படி நனைத்தால் வேர் அழுகும் என்று தோட்டக்காரர்கள் சொன்னார்கள், சங்கக்கடை வாசலில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை பிடித்தார்கள். கடைசியில் மைமூனா காலையில் மேசன் கட்சிக்கும் மாலையில் தோட்டக் கட்சிக்கும் என்று தீர்ப்புச் சொன்னாள். சுண்ணாம்பை நக்க வந்த ஆடுகளை விரட்ட முறை வைத்தார்கள். கண்ணூறு படாமல் இருக்க ஒரு வைக்கோல் மனிதனைக் கட்டி, தாஜுதீனின் பழைய சாரத்தை அவருக்குச் சொல்லாமல் எடுத்து உடுத்திவிட்டார்கள். கடற்கரைப் பக்கத்து ஒருவர் தன் வளவிலும் ஒரு உடைந்த ஓட்டுத்துண்டைப் புதைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். அங்கே ஒரு தவளை மட்டும் வந்து குடியிருந்தது.

வீடு வளர்வதை யாரும் கண்ணால் கண்டதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊர் முழுக்கக் கண்ணயரும் நேரம் பார்த்து அது ஒரு வரி ஏறிவிடும். ஒரு வரி கல், அதற்கு மேல் இன்னொரு வரி, முழங்கால் உயரம், தொடை உயரம், யன்னலுக்கு இடம் விட்டு இடுப்பு உயரம் என்று அது ஏற ஏற, மைமூனா அந்தந்த அறைக்குள் போய் நின்று, இங்கே கட்டில், இங்கே உம்மாவின் பெட்டகம் என்று கையைக் காட்டிக் காட்டித் தனக்குள் பேசிக்கொண்டிருந்தாள். அவள் அவ்வளவு சிரித்துத் தாஜுதீன் கண்டதில்லை, அதனால் அவருக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

கல் எங்கிருந்து வருகிறது என்பது பாடசாலை அதிபர் வைத்திலிங்கத்தின் மலகூடத்தில்தான் தெரிய வந்தது. மைமூனாவை வரவேற்கப் பாடசாலையில் கூட்டம் வைத்தபோது, போனவர்களுடைய ஒரு துரும்பைக்கூட இந்த ஊரில் ஒருவரும் தொட்டதில்லை என்று நெஞ்சில் கை வைத்துப் பேசியவர் அவர். ஒரு மத்தியானம், ஊர் தூங்க, அவர் மட்டும் வயிறு சரியில்லாமல் உள்ளே குந்தியிருந்த நேரத்தில், நாலு சுவரும் ஓசைப்படாமல் போய்விட்டன. கதவு மட்டும் நிலையோடு நின்றது. அதிபர் கலவரப்படவில்லை. வேலை முடிந்ததும் எழும்பி, வேட்டியைச் சரி செய்து, கதவைத் திறந்து, வெளியே வந்து, திரும்பிக் கதவைச் சாத்தி, கொண்டியும் போட்டுவிட்டு நடந்தார். எதிர்வீட்டில் முழித்திருந்த இரண்டு பெண்கள் அன்றைக்கு முழுக்கச் சிரித்து, ஒருத்திக்கு விக்கல் பிடித்துவிட்டது.

அதன் பிறகு ஊரில் ஒவ்வொன்றாகக் குறைந்தது. கள்ளுக்கடைப் படிக்கட்டு காணாமல் போய், வெறியில் ஒருநாளும் விழாத ஒருவர் வெறியில்லாமல் விழுந்தார். கோயில் முன்னால் மாதா நின்ற மேடை ஒரு கை தாழ்ந்தது; பங்குச்சுவாமி அதைப்பற்றி ஒன்றும் பிரசங்கிக்கவில்லை, பெண்களுக்கோ மாதா முகத்துக்கு நேரே வந்துவிட்டது பேசுவதற்கு வசதியாக இருந்தது. மைமூனாவின் பழைய வீட்டில் யார் எதை எடுத்தார்கள் என்று ஒருவரும் ஒருவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, மத்தியானத் தூக்கம் கலைந்து எழும்பிப் பார்த்தால் போதும். கல் போனவர் வாயைத் திறக்கவில்லை, பார்த்தவரும் திறக்கவில்லை, ஏனென்றால் நாளைக்குத் தன் வீட்டில் எது போகும் என்று அவருக்கே நிச்சயமில்லை.

இந்த நேரத்தில்தான் தாஜுதீன் ஒரு காரியம் செய்தார். வீட்டோடு ஒட்டிய குசினி சின்னது என்பதால் எல்லாவற்றுக்கும் முந்தி நெஞ்சளவு வளர்ந்துவிட்டது. காற்று அடிக்காத இடம், பாலூற்றிய தேத்தண்ணி குடிக்க ஆசை, அவர் அங்கே மூன்று கல் வைத்துப் பால் காய்ச்சினார், பராக்குப் பார்த்த நேரத்தில் அது பொங்கி வழிந்தது. அதோடு குசினி நின்றுவிட்டது. நனைத்தார்கள், பசளை போட்டார்கள், ஒரு விரலளவும் ஏறவில்லை. புது வீட்டில் பால் பொங்கினால் குடிபுகுந்தாயிற்று, குடிபுகுந்த வீடு எதற்காக வளர வேண்டும் என்று ஊர் யோசித்துப் பார்த்து முடிவுக்கு வந்தது. அன்றிலிருந்து அந்த வளவுக்குள் பால் கொண்டுபோகத் தடை. தாஜுதீன் வெறும் சாயத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, தன் குறைகளில் இதை முதலாவது இடத்தில் வைத்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் சந்தியோகுவின் வீடு. சந்தியோகு விளாங்குடாவில் பிறந்தவனில்லை. வடகரையில் அவனுடைய ஊர் இன்றைக்கும் முட்கம்பி வேலிக்குள் படையினரிடம் இருக்கிறது, அவன் காணி மூலையில் நின்ற இலுப்பையும் அதற்குள்தான். பிள்ளைகளையும் பெஞ்சாதி மதலேனம்மாவையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓடி, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தபோது, முஸ்லிம் பகுதி கூரையில்லாமல் காடு பற்றிக் கிடந்தது. யாருடையது என்று கேட்கவும் ஆளில்லை. விழுந்து கிடந்த கல்லைப் பொறுக்கி அவன் ஒரு வீடு கட்டினான். மைமூனா வந்து இறங்கிய அன்றைக்கு முதல் சோறு அவன் வீட்டிலிருந்துதான் போனது, கூடாரத்துக்குக் கம்பு வெட்டிக் கொடுத்ததும் அவன்தான், அவனுடைய வீட்டின் நாலு சுவரும் யாருடைய கல் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

இப்போது அந்த வீடு தாழ்ந்துகொண்டிருந்தது. அடிவரி போகப் போகக் கூரை அப்படியே பதிந்து இறங்கியது. முதலில் நிலை அவன் நெற்றியில் இடித்தது. வள்ளத்துக் கம்பு பட்டது என்று சொல்லிக் கட்டுப்போட்டுக்கொண்டு திரிந்தான். பிறகு குனிந்து போனான், நாரிப்பிடிப்பு என்றான். பிறகு ஒருவருக்கும் தெரியாமல் வீட்டுக்குள்ளே நிலத்தைத் தோண்டி, இறங்குவதற்குப் படியும் வெட்டினான். யன்னல் நிலத்தோடு வந்துவிட்டதால் கோழிகள் கதவை நம்பாமல் யன்னலாலேயே போய்வரத் தொடங்கின.

"போய்ச் சொல்லுங்கோவன் அவவுக்கு," என்றாள் மதலேனம்மா. "மழை பெய்தால் நாங்கள் கிணத்துக்குள்ள கிடக்கிற ஆக்கள்."

"எந்த வாயால சொல்ல? அவவின்ர கல்லு அவவிட்டப் போகுது. நில்லெண்டு சொல்ல நான் ஆர்?"

மைமூனா இனிப்புத் தொதல் கிண்டியிருந்தாள், சுவர் நெஞ்சளவு வந்த சந்தோஷத்துக்கு. தட்டத்தை ஏந்திக்கொண்டு வேலியில் திறந்திருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்தவள், சந்தியோகுவின் வீட்டைத் தேடினாள். தாழ்வாரம் அவள் நெஞ்சுக்கு நேரே இருந்தது. கூப்பிட்டாள். அவளுடைய காலடியில், யன்னலுக்குள்ளிருந்து சந்தியோகுவின் தலை தெரிந்தது, பக்கத்தில் ஒரு கோழியின் தலையும் தெரிந்தது.

"வாங்கோ அக்கா, இருங்கோ," என்றான் அவன், மரியாதை குறையாமல், அண்ணாந்து பார்த்து.

"என்ன சந்தியோகு இது?"

"ஒண்டுமில்லையக்கா. மழைக்கு மண் கொஞ்சம் இறங்கிப்போச்சு. உள்ளுக்கு நல்ல குளிர்ச்சி."

மைமூனா குந்தியிருந்து சுவரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். நெற்றிக் கட்டைப் பார்த்தாள். கோழி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு சந்தியோகு தலையைக் குனிந்து, "உங்கடதுதான் அக்கா," என்றான். மைமூனா தட்டத்தை யன்னலுக்குள் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அன்றைக்கு அவள் தன் வீட்டுக்குள் போய் நின்றாள். இன்னும் அவ்வளவு வளர வேண்டும், நிலை, யன்னல் மேல்வளைவு, முகட்டுச்சுவர். அவ்வளவும் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"அதுக்கு நம்ம என்ன செய்ற?" என்றார் தாஜுதீன். "நம்மட கல்லத்தானே எடுத்தான்?"

"எடுத்தாருதான். கல்லு வெயில்ல கெடந்திச்சு, புள்ளயளோட வந்தாரு, எடுத்தாரு. நம்ம புத்தளத்தில அந்த மனிசர்ர தென்னந்தோப்பில கொட்டில் போடல்லயா? அவங்கட்ட கேட்டா போட்டம்?"

"அப்ப ஒனக்கு வீடு வேணாமா?"

"வேணும்," என்றாள் மைமூனா, அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டாள். "முழுசா வேணும். எல்லாக் கல்லும் வேணும். எனக்கு ஆசயில்லண்டு நெனைக்கிறீங்களா? ஆனா நான் இங்க தூங்கி எழும்பக்குள்ள அங்க ஒரு மனிசன் தவண்டுபோறதப் பாத்துட்டு எப்படி இங்க தூங்குற?"

மறுநாள் அவள் செம்போடு மதலேனம்மாவிடம் போய்ப் பால் கேட்டாள். எதற்கென்று மதலேனம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது, தங்களுக்காக அந்த வீடு பாதியில் நிற்க அவளுக்கு மனம் வரவில்லை. பால் இல்லை, மாடு வற்றிப்போச்சு அக்கா என்றாள். அவள் பின்னால் மாடு மடி நிறைந்து, கறக்க வரச்சொல்லிக் கத்திக்கொண்டு நின்றது. இரண்டு பெண்களும் மாட்டைத் திரும்பிப் பார்க்காமலே கொஞ்ச நேரம் நின்றார்கள். ஊரில் வேறு மூன்று வீடுகளில் கேட்டாள், அங்கேயும் எல்லா மாடும் ஒரே நாளில் வற்றியிருந்தன.

ஆகவே மைமூனா சங்கக்கடையில் பால்மா வாங்கினாள். கரைத்தாள், நெஞ்சளவுச் சுவருக்கு நடுவே, வானத்தின் கீழே அடுப்பை மூட்டினாள், பிஸ்மி சொல்லிப் பானையை ஏற்றினாள். பால்மாவில் காய்ச்சினால் செல்லுமா என்று வேலிக்கு வெளியே கூடி நின்றவர்கள் வாதாடினார்கள். செல்லாது என்று ஜெபமாலை சொன்னார், பொங்கினால் செல்லும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். பொங்கியது. நுரை நாலு பக்கமும் வழிந்து அடுப்பில் சீறியது. மைமூனா அந்தப் பாலை எல்லோருக்கும் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாள், தாஜுதீனுக்கு இரண்டு கோப்பை.

அன்றைக்கு மத்தியானம் விளாங்குடாவில் ஒருவரும் தூங்கவில்லை. தூங்கியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. வேலிக்கு இந்தப் பக்கம் நெஞ்சளவில் ஒரு கூரையில்லாத வீடு நின்றது, அந்தப் பக்கம் நெஞ்சளவில் ஒரு கூரையுள்ள வீடு நின்றது. சந்தியோகு பள்ளத்திலிருந்து ஏறி வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதான். தாஜுதீன் தன் பையை எடுத்து உடுப்புகளை அடுக்கினார், ஏனென்றால் நோன்புக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது, கூரை எங்கேயும் தெரியவில்லை.

அப்போது அதிபர் வைத்திலிங்கம் கைவண்டில் தள்ளிக்கொண்டு வந்தார். அவருடைய குளியல் தொட்டிக்கு இன்னும் முறை வந்திருக்கவில்லை. அதை அவரே உடைத்துக் கொண்டுவந்திருந்தார். "அம்மா, இது வழியில கிடந்தது," என்றார். வழியில் கிடந்த கல்லில் சவர்க்காரம் ஒட்டியிருந்தது. அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்தார், அவருக்கும் வழியில்தான் கிடந்ததாம்; பிறகு தலைச்சுமையாக, சைக்கிளில், உழவு இயந்திரப் பெட்டியில், விளாங்குடாவின் வழிகளில் எவ்வளவு கல் கிடந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கல் எடுக்காதவர்கள் கடையில் வாங்கிய கல் கொண்டுவந்தார்கள், வெட்கம் பொதுவாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஜெபமாலை சாந்து குழைத்தார். கல் வைக்கத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் சேர்ந்து வைத்தார்கள், ஒருநாள் இந்த வீட்டுக்கு, ஒருநாள் அந்த வீட்டுக்கு; உத்தியோகத்தர் பிரதீபன் வந்து, இப்போது இது கட்டுகிற வீடுதான் என்று சந்தோஷமாகத் தலையாட்டி, கூரைத் தகரத்தை இறக்குவித்தார். இன்றைக்கும் அந்த இரண்டு வீட்டையும் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், நெஞ்சளவுக்குக் கீழே ஒன்று போல நேராக இருக்கும், நெஞ்சளவுக்கு மேலே ஊரிலுள்ள எல்லோரும் வைத்த கோணல். பிறை தெரிந்த அன்றைக்கு ஒன்றரை அறைக்குக் கூரை இருந்தது. தாஜுதீன் அதன் கீழே மல்லாந்து படுத்து, ஓட்டை தேடி, இரண்டு கண்டுபிடித்து, மனநிறைவோடு பையிலிருந்து உடுப்புகளை வெளியே எடுத்தார். பெருநாளைக்கு முந்தியே புத்தளத்திலிருந்து வேறு மூன்று குடும்பங்கள் பாயோடு வந்து இறங்கின.

பெருநாள் கழிந்து, மீன் ஏற்ற வரும் லொறிக்காரன் வடகரையிலிருந்து ஒரு செய்தி கொண்டுவந்தான். முட்கம்பி வேலிக்குள்ளே, கடலுக்குக் கிட்டின ஒரு பற்றைக் காணியில், ஒரு வரி கல் கணுக்கால் உயரத்துக்கு எழும்பியிருக்கிறதாம். முதலில் படையினர் அதைக் கடந்து கடந்து நடந்தார்களாம், இப்போது இரண்டு பேர் துவக்கை மரத்தில் சாத்திவிட்டுக் காலையும் மாலையும் வாளியால் நனைக்கிறார்களாம். பக்கத்திலுள்ள காவலரண்தான் நாளுக்கு நாள் பதிகிறதாம், உள்ளே நிற்கிறவன் நாரியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறானாம். காணியின் மூலையில் ஒரு இலுப்பை நிற்கிறது என்றும் லொறிக்காரன் சொன்னான்.

இலுப்பை என்றதும் சந்தியோகு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். மதலேனம்மா அவனுக்குத் தண்ணீர் கொடுத்து, அடுத்த லொறியிலேயே போய்ப் பார்த்துவிட்டு வரச்சொன்னாள். அவன் எழும்பியதும் மைமூனாவைப் பார்த்தான், அவள் குனிந்த மனிசனுக்காகப் பாதி வீட்டில் பால் காய்ச்சியவள், என்ன சொல்லப்போகிறாள் என்று ஊரும் பார்த்தது.

மைமூனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் குரல் உறுதியாகத்தான் வந்தது.

"போயிட்டு வாங்க சந்தியோகு. ஆனா அங்க போய் நீங்க பால் மட்டும் காய்ச்சிராதீங்க. எவன் குனிஞ்சாலும் காய்ச்சாதீங்க. முகடு வரைக்கும் தானா வளந்த ஒரு வீட்ட நான் என்ட கண்ணால பாக்கணும்."